கடைமடை ஓட்டுக்குக் கணக்கு உண்டு: டெல்டா விவசாயிகளுக்கான தேர்தல் கையேடு

டெல்டா மாவட்டங்களில் சட்டமன்றத் தேர்தல் வரும்போது பெரும்பாலும் சம்பா, தாளடி அறுவடை முடிந்திருக்கும். நெல் தரிசில் உளுந்தும் பயறும் பறிப்பில் இருக்கும். மேட்டூர் திறக்க வேண்டிய ஜூன் 12-க்கு ஒன்றிரண்டு மாதம் பாக்கி. கொள்முதல் நிலையத்தில் பட்ட பாடு இன்னும் ஆறியிருக்காது, வாய்க்கால் தூர் வாரவில்லையே என்ற கவலையும் தொடங்கியிருக்கும். கேட்க வேண்டியதைக் கேட்க இதைவிட நல்ல நேரம் இல்லை. ஆனால் ஊர்க்கூட்டத்தில் எழுதும் மனு ஒவ்வொரு முறையும் "விவசாயிகளின் வாழ்வாதாரத்தைப் பாதுகாக்க ஆவன செய்ய வேண்டும்" என்று முடிகிறது. வேட்பாளரும் "கட்டாயம் செய்கிறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார். அந்த மனுவிலும் பதிலிலும் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை.

தேதி, அளவு, இடம், பொறுப்பான அதிகாரி ஆகிய நான்கும் இருக்கும்படி கேட்டால்தான் பிறகு போய்ச் சரிபார்க்க முடியும். கீழே உள்ள எல்லாம் அதற்கான வழிகள்தான். தேர்தல் அறிவிப்புக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். அறிவிப்பு வந்தபின் மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டமும் திங்கட்கிழமை மனு நாளும் நிறுத்தப்படும். ஆட்சியர் அலுவலகத்தில் மனுப் பெட்டி மட்டும்தான் இருக்கும். பெட்டியில் போட்ட மனுவுக்கு நேரில் பதில் கேட்க முடியாது.

முதலில் பட்டியல்

வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர் எண்ணிக்கையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுவதும் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. அதில் பெரும்பகுதி "இடம்பெயர்ந்தவர்" என்ற தலைப்பில் போனவை. திருப்பூர், கோவை, கேரளா என்று வேலைக்குப் போய், நடவுக்கும் அறுப்புக்கும் பொங்கலுக்கும் ஊர் திரும்பும் குடும்பங்கள் இந்தத் தலைப்பில் எளிதாகச் சிக்கும். வீடு பூட்டியிருந்தால் பூட்டியிருப்பது மட்டும்தான் பதிவாகும்.

அதனால் தனித்தனியாக இல்லாமல் தெருவாரியாகப் பாருங்கள். தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் பாகம் (ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய பகுதி) வாரியாகப் பட்டியல் கிடைக்கும். உங்கள் பாகத்தை அச்செடுத்து, தெருவுக்கு ஒருவர் பேனாவுடன் வீடு வீடாகப் போனால் ஒரு பாகத்தை இரண்டு மாலையில் முடித்துவிடலாம். மூன்று குறி போதும்: இருக்க வேண்டியவர் இல்லை, இறந்தவர் இருக்கிறார், பெயரோ உறவுமுறையோ தவறு.

புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. திருத்தம், முகவரி மாற்றம், மாற்று அட்டை எல்லாவற்றுக்கும் படிவம் 8. நீக்கக் கோருவதற்குப் படிவம் 7. கல்யாணமாகி வந்த மருமகளுக்குப் பிறந்த ஊரில் பெயர் இருந்தால் படிவம் 8-தான் போட வேண்டும். பலர் 6-ஐப் போட்டு, இரண்டு இடத்தில் பெயர் வந்து, பிறகு இரண்டும் அடிபடுகிற நிலைக்கு ஆளாகிறார்கள். 18 வயது நிறைவுக்கு இப்போது ஆண்டில் நான்கு தகுதித் தேதிகள்: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளோடு பட்டியல் மூடப்படும். விசாரணைக்கு நாள் வேண்டும் என்பதால் அதற்குப் பத்து நாள் முன்பாவது விண்ணப்பம் போயிருக்க வேண்டும்.

உங்கள் பெயரை நீக்கச் சொல்லி வேறு யாராவது படிவம் 7 கொடுத்திருந்தால், நோட்டீஸ் கொடுத்து விசாரித்த பிறகுதான் நீக்க முடியும். நீக்கிவிட்டால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் உத்தரவும் எதிராக வந்தால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். இந்த நாள் கணக்கு தெரியாமல் பூத் வாசலில் நின்று சண்டை போடுவதில் பயன் இல்லை. சந்தேகத்துக்கு 1950 என்ற எண்ணில் கேட்கலாம்.

யாரிடம் எதைக் கேட்பது

சட்டமன்ற வேட்பாளரிடம் "ஆதரவு விலையை உயர்த்துங்கள்" என்று கேட்டால் அவர் தாராளமாகத் தலையாட்டுவார். அது அவர் கையில் இல்லை, ஒன்றிய அரசு தீர்மானிப்பது. மாநிலத்தின் பங்கு அதற்கு மேல் கொடுக்கும் ஊக்கத்தொகை. 2025-26 பருவத்தில் குவிண்டாலுக்கு ஆதரவு விலை சாதாரண ரகத்துக்கு 2,369 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,389. தமிழ்நாடு அரசின் ஊக்கத்தொகை 131, 156 சேர்ந்து விவசாயி கைக்கு 2,500, 2,545. ஆகச் சட்டமன்ற வேட்பாளரிடம் கேட்க வேண்டியது ஊக்கத்தொகை. நாடாளுமன்ற வேட்பாளரிடம் கேட்க வேண்டியது ஆதரவு விலையும், ஈரப்பத வரம்பைத் தளர்த்துவதும். 17 சதவீத வரம்பைத் தாண்டிய நெல்லை எடுக்க ஒவ்வொரு மழைக்கும் மாநிலம் டெல்லிக்கு எழுதி, குழு வந்து பார்த்து, உத்தரவு வருவதற்குள் களத்தில் நெல் முளைத்துவிடுகிறது.

காவிரி நீரும் அப்படித்தான். 2018 பிப்ரவரி 16 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி கர்நாடக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. அதை மாத வாரியாகப் பார்ப்பது மேலாண்மை ஆணையம். எம்.எல்.ஏ. தண்ணீர் கொண்டுவர முடியாது. வந்த தண்ணீர் தலைமடையிலேயே நின்றுவிடாமல் கடைமடைக்கு வரச் செய்ய முடியும். முறைப்பாசன அட்டவணை, மதகு பராமரிப்பு, தூர்வாரல் எல்லாம் மாநில நீர்வளத் துறைக்குள் இருப்பவை. கொள்முதல் நிலையம், கூட்டுறவுப் பயிர்க்கடன், உர ஒதுக்கீட்டைச் சங்கங்களுக்குப் பிரிப்பது, இலவச மின் இணைப்பு முன்னுரிமை, அடங்கல் (சாகுபடிப் பதிவு) கொடுப்பது ஆகியவையும் மாநிலத்தின் வேலை. இதற்கு மேல் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி எம்.எல்.ஏ. கையில் இருக்கிறது. தொகுதி முழுமைக்கும் பார்த்தால் அது சிறிய தொகை. ஒரு சிறுபாலத்துக்கோ களத்துக்கோ கேட்கலாம், ஆற்றுக்குத் தடுப்பணை கேட்கக் கூடாது.

கோரிக்கைத் தாள்: ஒரு பக்கம், நான்கு கோரிக்கை

இருபது கோரிக்கை எழுதினால் வேட்பாளர் எளிதான இரண்டை எடுத்துக்கொள்வார். நான்கு போதும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் கணக்கு இருக்க வேண்டும்.

கொள்முதல் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். "கொள்முதல் நிலையத்தில் தாமதத்தைப் போக்க வேண்டும்" என்று எழுதாதீர்கள். உங்கள் ஊரில் 400 ஏக்கர் சம்பா என்று வையுங்கள். ஏக்கருக்குச் சுமார் 2 டன் என்றால் 40 கிலோ சிப்பத்தில் (மூட்டையில்) 50 சிப்பம். ஊருக்கு 20,000 சிப்பம். நிலையம் நாளொன்றுக்கு 800 சிப்பம் எடுத்தால் 25 வேலை நாள். சாக்கு வராத நாள், லாரி வராமல் அடுக்கு ஏறிப்போன நாள், ஞாயிறு எல்லாம் சேர்த்தால் நாற்பது நாளைத் தொடும். இயந்திரம் வந்து அறுப்பதோ பத்துப் பதினைந்து நாளில் முடிந்துவிடும். மீதி நெல் முழுவதும் படுதாவுக்குக் கீழே காத்திருக்கும். இந்தக் கணக்கை எழுதிவிட்டால் கோரிக்கை தானாக வரும்: "அறுவடை தொடங்கும் வாரத்திலேயே நிலையம் திறக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் இரண்டு எடை இயந்திரம், நாளுக்கு 1,600 சிப்பம். எடுத்த நெல்லை 48 மணி நேரத்துக்குள் கிடங்குக்கு ஏற்ற வேண்டும்." மூன்றையும் களத்தில் நின்று எண்ணிவிடலாம்.

இதே தாளில் இன்னொரு கணக்கையும் போடுங்கள். சிப்பத்துக்கு இவ்வளவு என்று கை நீட்டுவது டெல்டா முழுக்கக் கேட்கும் புகார். சிப்பத்துக்கு 40 ரூபாய் என்று வைத்தால் ஏக்கருக்கு 2,000. ஐந்து ஏக்கர்காரருக்கு ஒரு போகத்துக்கு 10,000. இரண்டு போகம் எடுப்பவருக்கு ஐந்து ஆண்டில் ஒரு லட்சம். ஓட்டுக்கு முந்தைய ராத்திரி கவரில் வருவதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். லோடுமேன்களின் கூலி போதாததால்தான் இந்தக் கை நீட்டல் என்பதும் உண்மை. ஆகவே "ஊழலை ஒழியுங்கள்" என்று எழுதுவதைவிட "சுமை கூலியை உயர்த்தி வங்கியில் நேரடியாகக் கொடுங்கள், எடையைக் காட்டும் திரையை விவசாயி பக்கம் திருப்பி வையுங்கள்" என்று எழுதினால் லோடுமேன்களும் கையெழுத்துப் போடுவார்கள்.

அடுத்தது வாய்க்கால். நீர்வளத் துறை வழக்கமாக ஆறுகள், பெரிய வாய்க்கால்களான ஏ, பி பிரிவுகளைத் தூர்வாரும். அவற்றிலிருந்து பிரியும் சிறிய சி, டி வாய்க்கால்கள் அடிக்கடி விடுபடுகின்றன. வயலுக்கு உண்மையில் தண்ணீர் தருபவை அவைதான். கோரிக்கையில் வாய்க்கால் பெயர், தலைப்பு எந்த ஆற்றில், எத்தனை கிலோமீட்டரிலிருந்து எத்தனை வரை, அடி அகலம் எவ்வளவு என்று எழுத வேண்டும். தெரியாவிட்டால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, கடைசியாகத் தூர்வாரிய ஆண்டும் மதிப்பீட்டின் நகலும் கேட்டு நீர்வளத் துறைப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். முன்கூட்டியே தொடங்கச் சொல்வது இதற்காகவும்தான்.

தூர்வாரலில் என்ன தவறு நடக்கிறது என்று தெரிந்தால் கேள்வி கூர்மையாகும். ஆகாயத்தாமரையையும் கோரைப்புல்லையும் வழித்துக் கரையில் போட்டுவிட்டு முடிந்ததாகச் சொல்வது ஒன்று. முதல் மழைக்கு அது அப்படியே உள்ளே சரியும். தலைப்பில் மட்டும் ஆழமாக வெட்டி, கடைசி ஒரு கிலோமீட்டரை மேலோட்டமாக விடுவது இன்னொன்று. அப்போது தண்ணீர் நடுவில் குளமாக நிற்கும், கடைமடைக்கு ஏறாது. மூன்றாவது, பொக்லைன் மே கடைசியில் வந்து, வேலை நடக்கும்போதே தண்ணீர் திறந்துவிடுவது. தண்ணீருக்கு அடியில் எவ்வளவு வெட்டினார்கள் என்று யாராலும் அளக்க முடியாது. தேர்தல் ஆண்டில் இந்த மூன்றாவது தவறு அதிகம் நடக்கும். நடத்தை விதி அமலுக்கு வந்தபின் ஏற்கெனவே தொடங்கிய வேலைகள் தொடரலாம், தொடங்காத புது வேலைக்குத் தேர்தல் ஆணைய அனுமதி வேண்டும். ஆகவே அறிவிப்புக்கு முன்பே வேலை உத்தரவு போட வேண்டும் என்று இப்போதைய எம்.எல்.ஏ.விடமும் செயற்பொறியாளரிடமும் எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது கோரிக்கை குத்தகைதாரருக்கு. டெல்டாவில் கோயில் நிலமும் தனியார் குத்தகையும் அதிகம். உழுபவர் ஒருவர், சிட்டா (நில உரிமைப் பதிவு) இன்னொருவர் பெயரில். கொள்முதல் நிலையப் பதிவு, பயிர்க் காப்பீடு, வெள்ள நிவாரணம் எல்லாம் சிட்டா, அடங்கலைக் கேட்கும். பணம் உழாதவர் கணக்குக்குப் போன கதை எல்லா ஊரிலும் உண்டு. ஊர்க்கூட்டத்தில் நிலம் வைத்திருப்பவர்களே பெரும்பாலும் பேசுவதால் இந்தக் கோரிக்கை விடுபட்டுவிடும். விடக் கூடாது. ஊரின் ஓட்டில் குத்தகைதாரரும் விவசாயக் கூலிகளும்தான் அதிகம். "யார் சாகுபடி செய்கிறார் என்பதைப் பருவம் தோறும் வி.ஏ.ஓ. வயலில் பார்த்து அடங்கலில் பதிய வேண்டும், அந்தப் பதிவை ஊரில் ஒட்ட வேண்டும்" என்று எழுதுங்கள்.

நான்காவது காப்பீடும் நிவாரணமும். இவை இரண்டும் வேறு வேறு என்பது பல வேட்பாளர்களுக்கே குழப்பம். பேரிடர் நிவாரணம் 33 சதவீதம் அல்லது அதற்கு மேல் சேதமானால் வரும். பேரிடர் நிதி விதிப்படி பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். 2023 தொடக்கத்தில் பருவம் தவறிப் பெய்த மழைக்கு மாநில அரசு டெல்டாவில் 20,000 அறிவித்தது. மேற்கொண்டு கொடுத்தது மாநில முடிவு, ஆகவே கேட்கலாம். காப்பீடு அப்படியில்லை. உங்கள் வயலில் முழுச் சேதம் என்றாலும் பெரும்பாலும் வருவாய்க் கிராமத்தின் சராசரி மகசூல் குறைந்தால்தான் பணம். அந்தச் சராசரி 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டத்தில் அறுத்து எடை போட்டு வருவது. ஊருக்கு நான்கு கட்டம் என்று வைத்தால் மொத்தம் 100 சதுர மீட்டர், அதாவது இரண்டரை சென்டுக்கும் கொஞ்சம் குறைவு. அதை வைத்து ஊர் முழுவதற்கும் தீர்ப்பு. அறுக்கும் நாள் விவசாயிக்குத் தெரியாமலே போகிறது. "சோதனை அறுவடை நாளை ஒரு வாரம் முன்பே ஊரில் அறிவிக்க வேண்டும், எடையை அன்றே பலகையில் எழுத வேண்டும்." இதற்கு அரசுக்கு ஒரு ரூபாய் செலவில்லை. ஆகவே மறுப்பவர் காரணம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தேர்தல் அறிக்கையைப் படிக்கும் விதம்

அறிக்கையில் விவசாயப் பக்கத்தை மட்டும் எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் மூன்று கேள்வி எழுதுங்கள்: எப்போது, யாருக்கு, எந்தத் தேதி வரை உள்ளதற்கு. 2021 பிப்ரவரியில் அன்றைய அ.தி.மு.க. அரசு 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. ஜனவரி 31 அன்று நிலுவையில் இருந்த கடனுக்கே அது பொருந்தியது. அதற்கு முன் ஒழுங்காகக் கட்டிய விவசாயிக்கு ஒன்றும் இல்லை. அதே ஆண்டு தி.மு.க. ஐந்து பவுன் வரை கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடி என்று அறிவித்தது. பிறகு வந்த நிபந்தனைகளில் லட்சக்கணக்கான கணக்குகள் கழிந்தன. அதே அறிக்கையில் நெல் குவிண்டாலுக்கு 2,500 என்றும் இருந்தது. சாதாரண ரகத்துக்கு அந்த விலை வந்தது 2025 செப்டம்பரில். எண் இருந்தது, தேதி இல்லை. தேதி கேட்டிருந்தால் ஒவ்வொரு ஆண்டும் நினைவுபடுத்தியிருக்கலாம்.

பிரமாணப் பத்திரம்

வேட்புமனுவோடு தரும் படிவம் 26-ஐத் தேர்தல் ஆணையத் தளத்திலும் வேட்பாளர் விவரச் செயலியிலும் யாரும் இறக்கிப் பார்க்கலாம். சொத்து மதிப்பைப் பார்த்து வாய் பிளப்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். நமக்குப் பயன்படுவது வேறு இடங்களில் இருக்கிறது. அரசோடு ஒப்பந்தம் ஏதும் அவருக்கோ மனைவிக்கோ சார்ந்தவர்களுக்கோ உண்டா என்ற பகுதி ஒன்று. தூர்வாரல், நெல் லாரி போன்ற ஒப்பந்தம் அதில் இருந்தால் நம் வாய்க்காலை அவர் எந்தக் கண்ணால் பார்ப்பார் என்று யோசிக்க வேண்டும். மின்கட்டணம், வீட்டுவரி உள்ளிட்ட அரசு நிலுவைப் பகுதி அடுத்தது. முன்பு போட்டியிட்டவராக இருந்தால் பழைய பத்திரத்தையும் எடுத்து விவசாய நிலப் பட்டியலை ஒப்பிடுங்கள். எந்த ஆண்டு, எந்தச் சர்வே எண் வாங்கப்பட்டது என்று இருக்கும்.

வழக்குகளை எண்ணாதீர்கள், பிரிவைப் படியுங்கள். தண்ணீருக்காகச் சாலை மறியல் செய்தவர் பெயரில் பத்து வழக்கு இருக்கலாம். மோசடிக்கு ஒன்றே ஒன்று இருக்கலாம். இரண்டும் ஒன்றல்ல.

வேட்பாளர் வரும் நாள்

ஜீப் ஊருக்குள் ஐந்து நிமிடம்தான் நிற்கும். ஆரத்தி, சால்வை, கோயில் கும்பிடு போக மிஞ்சுவது ஒன்றரை நிமிடம். ஆகவே பேசுபவர் ஒருவரே. அவர் தாளைப் படிக்கக் கூடாது. ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுத் தாளைக் கொடுக்க வேண்டும். "நம்ம ஊருக்கு 20,000 சிப்பம் வருதுங்க, ஒரு நாளைக்கு 800தான் எடுக்கிறாங்க. நீங்க வந்தா முதல் இரண்டு வாரம் இரண்டு எடை மெஷின் போட வைப்பீங்களா?" இப்படிக் கேட்டால் ஆம், இல்லை என்று சொல்லியாக வேண்டும். பெண்கள் யாராவது கேட்டால் இன்னும் நல்லது. களத்தில் நெல்லைக் காய வைத்து ராத்திரி படுதா போட்டுக் காவல் இருப்பவர்கள் அவர்கள்தான், கேள்வியில் அது தெரியும்.

தாள் இரண்டு பிரதி. ஒன்று அவருக்கு, ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்தும் தேதியும். வாக்குறுதியாகவே எழுதித் தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் நீதிமன்றத்தில் அது செல்லும் என்று நம்பாதீர்கள். தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் 2019 மக்களவைத் தேர்தலில் ஒரு வேட்பாளர் மஞ்சள் வாரியம் கொண்டுவருவதாகப் பத்திரத்தாளிலேயே எழுதிக் கொடுத்தார், வெற்றியும் பெற்றார். வாரியம் திறந்தது 2025 ஜனவரியில். அந்தத் தாள் சட்டப்படி எதையும் செய்யவில்லை. ஆறு ஆண்டும் அவரை மறக்க விடாமல் செய்தது. எல்லா முக்கிய வேட்பாளரிடமும் ஒரே தாளைக் கொடுங்கள். ஒருவரிடம் மட்டும் கொடுத்தால் அது கட்சி மனுவாகிவிடும்.

உங்கள் ஊரின் பலம் எவ்வளவு என்பதையும் தெரிந்து வையுங்கள். படிவம் 20 என்பது பூத் வாரி முடிவு. கடந்த தேர்தலுக்கானது தளத்தில் இருக்கும். உங்கள் ஊராட்சியின் பூத்களைக் கூட்டி, தொகுதியின் வெற்றி வித்தியாசத்தோடு வைத்துப் பாருங்கள். 2021-ல் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில் வித்தியாசம் 281 ஓட்டு. 2016-ல் நெல்லை மாவட்டம் ராதாபுரத்தில் 49. ஒரு தெரு மனம் மாறினால் முடிந்தது.

பணம்: வருவதும் எடுத்துப் போவதும்

ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் இரண்டும் குற்றம். டெல்டாவுக்கு இதன் விலை நன்றாகத் தெரியும். 2016 மே மாதம் தஞ்சாவூர் தொகுதியில் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ரத்தாகி, நவம்பர் 19 அன்றுதான் வாக்குப்பதிவு நடந்தது. குறுவை முடிந்து சம்பா நடும் வரை ஆறு மாதம் தொகுதிக்கு எம்.எல்.ஏ. இல்லை. புகார் கொடுக்க சி-விஜில் செயலி இருக்கிறது. அதிலேயே படமோ இரண்டு நிமிடம் வரை வீடியோவோ எடுக்க வேண்டும். முன்பே எடுத்ததை ஏற்ற முடியாது. எடுத்தபின் ஐந்து நிமிடத்துக்குள் அனுப்ப வேண்டும். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது கணக்கு. உங்கள் பெயர் தெரியாமலும் அனுப்பலாம்.

விவசாயி மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். நடத்தை விதி நாட்களில் 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமில்லாமல் கொண்டுபோனால் பறக்கும் படை எடுத்துக்கொள்ளும். உளுந்து விற்ற பணம், மாட்டுச் சந்தைப் பணம், நடவுக் கூலிக்கு எடுத்த பணம் எல்லாம் இதில் சிக்கும். வங்கியில் எடுத்தால் அன்றே பாஸ்புக்கில் பதிய வையுங்கள். வியாபாரியிடம் தேதி, எடை, விலை, கையெழுத்துடன் சீட்டு வாங்குங்கள். மாடு விற்றால் சந்தை ரசீது. பிடித்துவிட்டால் ஒப்புகைச் சீட்டு இல்லாமல் அங்கிருந்து நகராதீர்கள். மாவட்டக் குறைதீர் குழுவிடம் ஆவணத்தோடு போனால், வேட்பாளருக்குச் சம்பந்தமில்லாத பணம் என்று தெரிந்தால் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். வாக்குப்பதிவு முடிந்து ஏழு நாளுக்கு மேல் அதை வைத்திருக்கக் கூடாது.

புறக்கணிப்பு, நோட்டா, சொந்த வேட்பாளர்

கறுப்புக்கொடி கட்டிப் "தேர்தல் புறக்கணிப்பு" என்று பேனர் வைத்தால் மறுநாளே தாசில்தாரும் பி.டி.ஓ.வும் வருவார்கள். வரவழைக்க அது உதவும். ஆனால் ஓட்டுப் போடாமலே இருந்துவிட்டால் தேர்தல் நிற்காது, உங்கள் பூத்தில் பூஜ்யம் என்று எழுதி எண்ணிவிடுவார்கள். எங்கள் கருத்து: அதிகாரி வந்தபோது பேச்சுவார்த்தைக் குறிப்பை எழுத்தில், தேதியோடு, கையெழுத்தோடு வாங்குங்கள். வாங்கியபின் போய் ஓட்டுப் போடுங்கள். வாய்மொழியாகச் சொன்னதற்கு பேனரை இறக்காதீர்கள்.

நோட்டா 2013 முதல் இருக்கிறது. நோட்டாவே அதிகம் வாங்கினாலும் அடுத்து வந்த வேட்பாளர்தான் வென்றவர்.

சொந்தமாக ஆள் நிறுத்துவது பழைய ஆயுதம். 1996-ல் மொடக்குறிச்சியில் விவசாயிகள் மனுப் போட்டுக் குவிக்க, 1,033 பேர் களத்தில் நின்றார்கள். ஓட்டுச்சீட்டு புத்தகமாகிப்போனது. அதன்பின் வைப்புத்தொகை உயர்ந்தது. இன்று சட்டமன்றத்துக்கு 10,000, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. சுயேச்சைக்குப் பத்து முன்மொழிபவர் வேண்டும். செல்லும் ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வராவிட்டால் பணம் போகும். பத்துப் பேர் நிற்பதைவிட, நான்கு கோரிக்கையோடு ஐம்பது ஊர் ஒரே தாளில் நிற்பது அதிகம் சாதிக்கும்.

ஓட்டு நாள்

பூத் சிலிப் அடையாள ஆவணம் ஆகாது. வாக்காளர் அட்டை இல்லாவிட்டால் ஆதார், நூறு நாள் வேலை அட்டை, படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், ஓட்டுநர் உரிமம், பான் கார்டு போன்றவை செல்லும். ரேஷன் ஸ்மார்ட் கார்டு செல்லாது. ஒவ்வொரு தேர்தலிலும் வயதானவர்கள் அதை எடுத்துவந்து வெயிலில் திரும்பி நடக்கிறார்கள். முந்தைய நாளே தெருவில் சொல்லிவிடுங்கள்.

உங்கள் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டிருந்தால் வீட்டுக்குத் திரும்பாமல் "டெண்டர் ஓட்டு" கேளுங்கள். வாக்குச்சீட்டில் போட்டுத் தனி உறையில் வைப்பார்கள். வழக்கமான எண்ணிக்கையில் அது சேராது, வழக்கு என்று வந்தால் சாட்சியாக நிற்கும். இல்லாதவர், இடம்பெயர்ந்தவர், இறந்தவர் பட்டியலில் உங்கள் பெயரைக் குறித்திருந்தாலும், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும்வரை கூடுதல் சரிபார்ப்புக்குப் பின் ஓட்டுப் போடும் உரிமை உண்டு. பொத்தானை அழுத்தியபின் ஏழு விநாடி கண்ணாடிக்குள் சீட்டு தெரியும். சின்னத்தைப் பார்த்துவிட்டே நகருங்கள்.

85 வயதுக்கு மேற்பட்டவரும், 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுள்ளவரும் வீட்டிலிருந்தே போடலாம். தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் 12-டி படிவம் கொடுத்திருக்க வேண்டும். வெளியூரில் வேலை செய்பவருக்கும் அன்று சம்பளத்தோடு விடுமுறை உண்டு, தினக்கூலிக்கும் உண்டு. திருப்பூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி டிக்கெட் போடச் சொல்லுங்கள். மாலை முடிவு நேரத்தில் வரிசையில் நிற்பவர் எல்லோருக்கும் டோக்கன் கொடுத்தாக வேண்டும்.

பூத் முகவராக இருக்கும் ஊர்ப் பிள்ளைகளிடம் ஒன்று சொல்லுங்கள்: முடிந்ததும் படிவம் 17-சி நகலைக் கையெழுத்தோடு வாங்காமல் எழுந்து வரக் கூடாது. பதிவான மொத்த ஓட்டு அதில் இருக்கும்.

முடிவு வந்த மறுவாரம்

வென்றவரிடம் வாழ்த்துச் சொல்லப் போகும்போதே கையெழுத்திட்ட பிரதியின் நகலையும் கொண்டுபோங்கள். தோற்ற முக்கிய வேட்பாளருக்கும் ஒரு நகல். எதிர்த்துக் கேட்க அவருக்கும் விஷயம் வேண்டும். வேளாண் மானியக் கோரிக்கை விவாதம் வரும்போது உங்கள் நான்கில் ஒன்றையாவது பேரவையில் கேள்வியாக எழுப்பச் சொல்லி எழுதுங்கள்.

முதல் சோதனைக்கு அதிக நாள் இல்லை. மேட்டூர் திறப்புக்கு முன், ஜூன் முதல் வாரத்தில், உங்கள் வாய்க்காலில் மூன்று இடங்களைக் குறியுங்கள்: தலைப்பு, நடு, கடைசி. ஒவ்வொரு இடத்திலும் இரு கரைக்கும் குறுக்கே கயிற்றை மட்டமாக இழுத்துக் கட்டி, நடுவிலும் இரண்டு ஓரத்திலும் கயிற்றிலிருந்து அடிமண் வரை அளவுகோலை இறக்குங்கள். ஒன்பது எண்கள். தூர்வாரலுக்கு முன்பே இதே ஒன்பதையும் எடுத்து வைத்திருந்தால் எவ்வளவு மண் போனது என்று அங்கேயே தெரியும். அளவுகோல் தெரியும்படி படம் எடுத்து, பின்னால் தேதி எழுதி, அந்த மாதக் குறைதீர் கூட்டத்தில் கோரிக்கைத் தாளோடு சேர்த்து உதவிச் செயற்பொறியாளர் மேஜையில் வையுங்கள்.